வயிற்றைக் குறைக்காமல் முதுகுவலியை மட்டும்

போன மாதம் மருத்துவமனையில் என் பழைய பிரிவிலிருந்து கவிதா கூப்பிட்டாள். புது ஸ்கேன் கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். ஓய்வுபெற்றுப் போனவளை இவ்வளவு அன்பாக அழைக்கிறார்களே என்று நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியிருந்தது நான் அல்ல, என் வயிறு. கருவியைப் பழகிப் பார்க்க ஒரு வயிறு தேவைப்பட்டது. பிரிவில் இருந்த இளம்பெண்கள் யாருக்கும் தங்கள் வயிற்றைக் கொடுக்க மனமில்லை.

கட்டிலில் படுத்தேன். குளிர்ந்த களிம்பைத் தடவி எதையோ வைத்து உருட்டினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் மழைமேகம் மாதிரி ஏதோ நகர்ந்தது. கவிதா மில்லிமீட்டர் கணக்கில் ஓர் எண்ணைச் சொன்னாள். மற்ற இரண்டு பெண்களும் என் வயிற்றை மரியாதையோடு பார்த்தார்கள்.

"இந்த மெஷின் இல்லாம உங்க காலத்துல எப்படி மிஸ் பாத்தீங்க?" என்று கவிதா கேட்டாள்.

"வெரல வச்சுதான்."

"தப்பாயிடாதா?"

"வயிறு பொய் சொல்லாதும்மா. வயித்துக்குச் சொந்தக்காரங்கதான் சொல்வாங்க."

அதோடு விடவில்லை. தேநீரும் பொரித்த வாழைப்பழமும் வாங்கி வைத்து, யார் பொய் சொன்னது, என்ன பொய் என்று பிடித்துக்கொண்டார்கள். கூட இருந்த மலாய்ப் பெண்களுக்காகப் பாதியை மலாயில் சொன்னேன். தமிழில் சொன்னால்தான் அந்தக் கதைக்கு ருசி. அதனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஜொகூரில் பாலோ பக்கத்துத் தோட்டத்துப் பெண். கோலாலம்பூரில் பிசியோதெரபி படித்துவிட்டு அரசாங்க வேலையில் சேர்ந்தேன். "மக ஆஸ்பத்திரியில கை கால் பிடிச்சு விடுற வேல பாக்குறா" என்று என் அம்மா சொல்லப்போய், பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயின. மூன்றாவதாக வந்தவருக்கு முழங்கால் வலி இருந்தது. அவரையே கட்டிக்கொண்டேன். முதல் சில வருடங்கள் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைத்துக்கொண்ட ஆண்களுக்கு நடை பழக்கினேன். உலகத்திலேயே சத்தம் போட்டு அழுகிறவர்கள் அவர்கள்தான். பிறகு மூவாரில் ஒரு மருத்துவமனைக்கு மாற்றலானேன். அங்கே பிரசவமான தாய்மார்களைப் பார்க்கும் பிரிவில், புவான் ஹமிடாவின் கீழ் என்னைப் போட்டார்கள்.

புவான் ஹமிடாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. புவான் என்றால் மலாயில் திருமதி. ஒல்லியான மலாய் அம்மையார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது முட்டாள்தனமாக ஏதாவது செய்தால், தலையை லேசாகச் சாய்த்து, "மெனாரிக்" என்பார். சுவாரஸ்யமாக இருக்கிறதே என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய டாக்டர்களே வேர்த்துப்போவார்கள்.

எங்களிடம் வரும் தாய்மார்களில் பலருக்கு ஒரே தொல்லை. வயிற்றின் நடுவே, நெஞ்செலும்பிலிருந்து கீழே வரைக்கும், இரண்டு தசைப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பிள்ளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்கும். பிள்ளை பிறந்த பின் பெரும்பாலோருக்கு மெல்ல மெல்ல நெருங்கி வந்துவிடும். சிலருக்கு வராது. நடுவில் இருக்கும் சவ்வு, பழைய கால்சட்டையின் இலாஸ்டிக் மாதிரி தொளதொளத்துக் கிடக்கும். பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகும் அம்மாவின் வயிறு ஐந்து மாதம் போலவே நிற்கும். முதுகு வலிக்கும். தும்மினால் பயம். போதாததற்கு, பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்வார்கள்.

முதல் நாள் புவான் எனக்குச் சோதனை செய்து காட்டினார். சூடான மைலோ குவளையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். குடிக்கவில்லை. கை சூடானதும் குவளையை வைத்துவிட்டு நோயாளியிடம் போனார். முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: "எதைச் செய்ய முடியாமல் கஷ்டப்படுகிறாய்?" பதில் முழுவதையும் கேட்ட பிறகுதான் விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "தலையை மட்டும் தூக்கு." இரண்டு பக்கமும் தசை எழும்பி விரல்களைப் பிடிக்கும். எத்தனை விரல் நடுவில் நிற்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது, சவ்வு விரலைத் திருப்பித் தள்ளுகிறதா, வெறும் மாவு மாதிரி அமுங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தொப்புளுக்கு மேலே, தொப்புளில், கீழே. மூன்று இடம்.

பிறகு என்னைச் செய்யச் சொன்னார். குவளையைப் பிடிக்க மறந்து, ஏர்கோன் குளிரில் இருந்த கையை அப்படியே வைத்தேன். நோயாளி துள்ளியதில் அவர் முழங்கால் என் மூக்கில் பட்டது.

"மெனாரிக்," என்றார் புவான்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு, 'தொப்பை'. இன்னொன்று, படுத்துக்கொண்டு எழுந்து எழுந்து செய்யும் உடற்பயிற்சி. உடற்கல்வி ஆசிரியை ஒருத்தர் வந்தார். தினமும் அதைத்தான் செய்கிறேன், இருந்தும் வயிறு போகவில்லை என்றார். செய்து காட்டச் சொன்னார் புவான். அவர் எழும்போது வயிற்றின் நடுவே ரொட்டி போல ஒரு மேடு குத்திட்டு நின்றது. ஆசிரியை அதைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவர் கண் எப்போதும் கூரையில் இருந்தது. புவான் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். விலகிய தசைக்கு நடுவே உள்ளே இருப்பதை ஆசிரியை தானே வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அன்று நான் கற்றது பெரிய விஷயம்: இந்த வேலையில் அவசரமும் ஆவேசமும் உதவாது. ஒருக்களித்துத்தான் எழவேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துத்தான் எதையும் தூக்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும்.

அந்த ஒன்றுமே செய்யாத மாதிரி இருப்பதுதான் பிற்பாடு மகேஸ்வரிக்கு வசதியாகப் போயிற்று.

மகேஸ்வரி மூவாரில் ஒரு சோபா தயாரிக்கும் ஆலையில் வேலை செய்தாள். சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் பிடித்து ஊசித் துப்பாக்கியால் அடிக்கும் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மூத்தது பெண், பள்ளிக்குப் போகிறாள். அடுத்து இரட்டையர், பையன்கள், ஒரு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கணவன் சேகர் லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில். சேகரின் அம்மா பொன்னம்மாவும் அவர்களோடு இருந்தார். கணவர் இறந்த பிறகு, என் ஊர்ப்பக்கமான பாலோவில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர்.

எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு பயலையும் ஒண்ணா தூக்க முடியல மிஸ்ஸி. ஒருத்தன தூக்கினா இன்னொருத்தன் கத்துறான். முதுகு ஒடஞ்சிடும் போல இருக்கு." எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு யார் நின்றாலும் மிஸ்ஸிதான், தாதிதான். திருத்தி ஓய்ந்துவிட்டேன்.

விரலை வைத்தேன். நான்கு விரல் தாராளமாக இறங்கியது. தொப்புளில் ஒரு சின்னப் புடைப்பு வேறு. புவானிடம் காட்டி, அறுவைப் பிரிவு டாக்டரிடம் அனுப்பினோம். சிறிய குடலிறக்கம், இப்போதைக்கு ஆபத்தில்லை, வலித்தாலோ கல் மாதிரி இறுகினாலோ உடனே ஓடி வரவேண்டும் என்று சொல்லி எங்களிடமே திருப்பி அனுப்பினார். மூச்சுப் பயிற்சியும் எழும் முறையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது மகேஸ் கட்டிலில் ஏறவில்லை. நின்றுகொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கலாமா? வயித்த கொறைக்காம முதுகுவலிய மட்டும் கொறைக்க முடியுமா?"

என் பணிக்காலத்தில் வயிறு குறையக்கூடாது என்று கேட்ட ஒரே தாய் அவள்தான். உட்கார வைத்து விசாரித்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில், கோயில் நிர்வாகத் தலைவரின் மனைவி அவள் வயிற்றைப் பார்த்து, "என்னா மகேசு, மறுபடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இடுப்பில் ஒரு பையன், கையில் அர்ச்சனைத் தட்டு, பின்னால் மாமியார். தசை விலகல், சவ்வு என்றெல்லாம் அங்கே நின்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை. வெட்கம் வேறு. தலையை ஆட்டிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்ததும் அத்தை பையன என் இடுப்புலேருந்து எறக்கிட்டாங்க மிஸ்ஸி. போய் படுன்னாங்க. படுத்தேன். அடுப்படியில சத்தம் கேக்குது. ஒரு வருசமா அந்தம்மா டிவி முன்னால ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிச்சதில்ல. இப்போ ரசம் தாளிக்கிற வாசன வருது. உண்மைய சொல்லிறலாம்னுதான் நெனச்சேன். சாப்ட்டுட்டு சொல்லலாம்னு இருந்துட்டேன்."

"சாப்ட்டியா?"

"மூணு தடவ போட்டுக்கிட்டேன்."

அதன்பிறகு சொல்ல நேரமே வாய்க்கவில்லை. மறுநாள் காலை தோசை. பையன்கள் குளித்துப் பவுடர் போட்டு நின்றார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் இனி விடவேண்டாம், நானே பார்க்கிறேன் என்று பொன்னம்மா சொல்லிவிட்டார்.

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம், அம்மா கையால மீன் கொழம்பு சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு, 'ஒரு வாரம் போவட்டும் லா'ன்னாரு. இப்போ ஒரு மாசமாச்சு."

புவான் ஹமிடாவிடம் இதை மறைத்துச் சிகிச்சை செய்ய முடியாது. வாராந்தரக் கூட்டத்தில் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னேன். தலையைச் சாய்த்தார். அந்தச் சொல் வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன்.

"இப்போது அந்த வீட்டில் கனமான சாமான் எல்லாம் யார் தூக்குகிறார்கள்?"

"மாமியார்."

"பிள்ளைகளை?"

"அதுவும் மாமியார்."

"அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா?"

"ரொம்ப நன்றாக."

"நாம் கேட்டால் எந்தக் குடும்பமாவது இதைச் செய்திருக்குமா, வசந்தா?" என்றார். "பொய் அவர்கள் வீட்டு விஷயம். வயிறு நம் விஷயம். வயிற்றைக் கவனி." எழுந்து கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார்: "மெனாரிக்."

ஆனால் வயிறு அவ்வளவு லேசில் கவனிக்கக்கூடியதாக இல்லை. மாமியாரின் கண் முன்னால் தரையில் பாய் விரித்துக் காலை நீட்டிப் பயிற்சி செய்ய முடியாது. அதனால் யாருக்கும் தெரியாத பயிற்சிகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். ஆலையில் துணியை இழுக்கும் முன் மூச்சை விட்டு அடிவயிற்றை இழுப்பது. தட்டு கழுவும்போது செய்வது. மீதியைக் குளியலறையில், சுவரில் முதுகைச் சாய்த்து. மூச்சை விடும்போது பல்லுக்கிடையில் 'ஸ்ஸ்ஸ்' என்று விடச் சொல்லியிருந்தேன். அந்தச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. மருமகளுக்கு மசக்கை என்று சொல்லி, மறுநாளிலிருந்து இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார் பொன்னம்மா.

"நல்லா இருந்துச்சு மிஸ்ஸி. அதையும் குடிச்சிட்டேன்," என்றாள்.

மெல்ல மெல்லப் பலன் தெரிந்தது. நான்கு விரல் மூன்றானது. முக்கியமாக, சவ்வு என் விரலைத் திருப்பித் தள்ளத் தொடங்கியது. எனக்கு அது கொண்டாட்டம். அவளுக்குக் கிலி. கோயில் கணக்குப்படி வயிறு வளரவேண்டிய நேரம்.

ஒரு நாள் அவள் சட்டையைத் தூக்கினேன். வயிற்றின் மேல் மடித்து வைத்த ஒரு துண்டு, சேலைக் கிழிசலால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. நடந்து வந்ததில் ஒரு பக்கமாக நழுவி, பிள்ளை இடது விலாவில் வளர்வது போல இருந்தது.

"இது யாரோடது மகேசு?"

"சின்னவனோட துண்டு," என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். இப்படி இறுக்கினால் அழுத்தம் தொப்புள் புடைப்பில்தான் போய் விழும். இந்த விளையாட்டு போதும், வீட்டில் சொல்லிவிடு என்றேன்.

"எப்படி மிஸ்ஸி சொல்றது? பாலோவுல இருக்குற சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. இப்போ போயி சொன்னா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாங்க. தோட்டத்துக்கே திரும்பிப் போயிருவாங்க." அப்போதுதான் அவள் கண் நிறைந்ததைப் பார்த்தேன். "சோத்துக்காக மட்டும் சொல்லல மிஸ்ஸி. இப்பதான் ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

வயிற்றை இறுகக் கட்டாதே என்று மட்டும் மறுபடியும் சொன்னேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை, அவசரப் பிரிவிலிருந்து தாதி ஒருத்தி வந்து, உங்கள் நோயாளி ஒருவர் உங்களைக் கேட்கிறார் என்றாள். ஓடினேன். மகேஸ் தள்ளுகட்டிலில் கால்களைக் குறுக்கிப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அன்று அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட். அடுப்பில் கேஸ் தீர்ந்துபோக, மாமியார் பையன்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சிலிண்டரைத் தானே தூக்கியிருக்கிறாள். அவசரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியிருக்கிறாள். பையன்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவர்கள் காரிலேயே கொண்டுவந்திருந்தார்கள்.

தலைமாட்டில் குள்ளமான ஓர் அம்மாள் நின்றார். உறுதியான கைகள், ஈரம் காயாத சேலை முந்தானை. அதுவரை நான் பார்த்திராத பொன்னம்மா.

இளம் மலாய் டாக்டர் வந்தார். மகேஸ் இரண்டு கைகளாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தாதி மெதுவாகக் கையை விலக்கிச் சட்டையைத் தூக்கினாள். அங்கே அந்தத் துண்டு. டாக்டர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பிடித்து, இது என்ன என்பது போல எல்லாரையும் பார்த்தார். அதன் கீழே தொப்புள் புடைப்பு சிவந்து, இறுகி நின்றது. சிரிக்க ஒன்றுமில்லாத புடைப்பு. உள்ளே குடல் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மருந்து கொடுக்கும் முன் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மங்காண்டோங்?" கர்ப்பமா என்று.

மகேஸ் என்னைப் பார்த்தாள். மாமியார் முன்னால் நான் வாயைத் திறக்கக்கூடாது, அது என் தொழில் தர்மம்.

"தா அட, டாக்டர்," என்றார் பொன்னம்மா. இல்லை என்று. தோட்டத்து மலாயில், தெளிவாக. பிறகு கையை நீட்டி டாக்டரிடமிருந்து துண்டை வாங்கி, நாலாக மடித்தார். "இதத்தான் நான் வீடு பூரா தேடிக்கிட்டு இருந்தேன்," என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வலிக்கு ஊசி போட்டார்கள். குளிர்ந்த பொதியை வைத்தார்கள். டாக்டர் பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அந்தப் புடைப்பை உள்ளே தள்ளினார். அது உள்ளே போனபோது மகேஸ் விட்ட மூச்சு இருக்கிறதே, நான் அத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தும் அவ்வளவு அழகாக விட்டதில்லை. இரவு இங்கேயே இருக்கட்டும், சீக்கிரம் அறுவை செய்துவிடுவோம் என்றார்கள்.

திரையை இழுத்து அவளைத் தூங்க விட்டோம். வெளியே நாற்காலியில் நானும் பொன்னம்மாவும் உட்கார்ந்தோம்.

"நீங்கதான் அந்த மூச்சு மிஸ்ஸியா?" என்று கேட்டார்.

திடுக்கிட்டேன். "மூச்சு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு பெத்தவ நான். வாந்தி எடுக்குறதுக்கும் சைக்கிள் டயருல காத்து போறதுக்கும் சத்தம் தெரியாதா?"

"அப்போ எப்பத்திலேருந்து தெரியும்மா?"

"முதல் வாரமே தெரியும். சந்தேகமா இருந்துச்சு. ஒரு அன்னாசி வாங்கியாந்து, வெட்டி, உப்பும் மொளகாத்தூளும் தடவி முன்னால வச்சேன். நம்ம ஜொகூர் அன்னாசி, வாசன தெருமுனை வரைக்கும் போவும். முழுகாம இருக்குறவ தொடுவாளா? இவ ரெண்டு தட்டு தின்னுட்டு வெரல நக்குறா."

என்னால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

பொன்னம்மா மடியிலிருந்த துண்டை நீவிவிட்டார். "சொன்னா, மறுபடியும் 'நீங்க ஒக்காருங்க அத்தை'ன்னு சொல்லிருவா."

பிறகு அவரே தொடர்ந்தார். "வந்த புதுசுல அடுப்படிக்குப் போனேன். உப்பு டப்பாவ எடம் மாத்தி வச்சிட்டேன் போல. 'விடுங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்'னா. மரியாதையாத்தான் சொன்னா. பயலுவள தூக்கப் போனா, 'ஒங்களுக்கு ஏன் சிரமம்'னா. சரின்னு ஒக்காந்தேன். செம்பனக் காட்டுல நாள் பூரா குனிஞ்சு உதிரிப் பழம் பொறுக்குனவ மிஸ்ஸி நான். ஒக்காந்து ஒக்காந்து, நான் செத்துப்போயி படமா மாட்டியிருக்கேனோன்னு எனக்கே தோணிப்போச்சு. அன்னிக்குக் கோயில்ல இவ தலைய ஆட்டினதும், சரி, பொய்யோ நெசமோ, அடுப்பு நம்ம கைக்கு வந்துச்சுன்னு இருந்துட்டேன்."

"பாலோவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னீங்களாமே?"

"போன்ல பேசுனேன். எதுத்த பக்கம் ஆள் இல்ல." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "அவ காதுல விழட்டும்னு பேசுனேன். சுலபமா சொல்லிறக்கூடாதுல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மகேஸ் தூங்கவில்லை.

"சிரிக்க வைக்காதீங்க அத்தை. வலிக்குது."

பொன்னம்மா எழுந்து உள்ளே போனார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் அழுகை மாதிரியும் சிரிப்பு மாதிரியும் கேட்டது. பிறகு, "கஞ்சி கொண்டாரவா, சோறா?" என்று மாமியார் கேட்பதும், டாக்டர் சாப்பிடக்கூடாது என்றிருக்கிறார் என்று தாதி அதட்டுவதும் கேட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் எதையும் தூக்கக்கூடாது என்பதால் அடுப்படி சட்டப்படியே பொன்னம்மாவிடம் போனது. அதன்பிறகு மகேஸ் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, எல்லார் முன்னாலும் பயிற்சி செய்தாள். மாமியார் பக்கத்தில் நின்று, "பல்ல கடிக்காத, மூச்ச விடு" என்று என்னைவிடக் கறாராக மேற்பார்வை பார்த்தார். இடைவெளி முழுக்க மூடவில்லை. இரண்டு விரல் நின்றுவிட்டது. ஆனால் சவ்வு மத்தளம் மாதிரி விறைத்திருந்தது, அதுதான் தேவை. ஒரு நாள் என் அறையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூச்சை விட்டு, இரண்டு பயல்களையும் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் என் காதணியைப் பிடித்து இழுத்தார்கள்.

கோயில் விஷயம் மிச்சமிருந்தது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொன்னம்மா சொல்லியிருந்தார். தலைவரின் மனைவி, தட்டையாகிவிட்ட வயிற்றைப் பார்த்துப் பதறி, என்னாச்சு என்று கேட்டாராம். "டாக்டரு நல்லா பாத்துட்டாருங்க," என்றாராம் பொன்னம்மா. "அது புள்ள இல்லையாம். என் சமையலாம்."

கடைசியாக மகேஸைப் பார்த்து அனுப்பிவைத்த நாளில் பொன்னம்மாவும் கூட வந்திருந்தார். மருமகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது என் கையை இழுத்து, "எனக்கும் ஒரு தடவ வெரல வச்சுப் பாக்குறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

படுக்க வைத்தேன். அவரிடம் எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார். விரலை வைத்தேன். தலையைத் தூக்கச் சொன்னேன். ஒரு கை முழுவதும் இறங்கியது. அதோடுதான் அத்தனை வருடம் குனிந்து நிமிர்ந்து, பழச் சாக்கைத் தோளில் தூக்கியிருக்கிறார். ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

"எத்தன?" என்றார்.

"அஞ்சு."

"சரியாத்தான் இருக்கு," என்றார் கூரையைப் பார்த்து. "ஆளுக்கொரு வெரலு வச்சிட்டுப் போயிருக்கானுங்க."

இந்த வயதில் மூடாது, ஆனால் பலம் வரவைக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தார். முடிந்ததும் ஒருக்களித்து எழச் சொன்னேன். எழவில்லை.

"கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கவா மிஸ்ஸி? வீட்டுல பகல்ல படுத்தா, ஒடம்பு சரியில்லையான்னு எல்லாரும் வந்து நிப்பாங்க."

ஏர்கோனைக் குறைத்து, போர்வையை எடுத்துக் கால்வரை மூடி, திரையை இழுத்துவிட்டேன். வெளியே அடுத்த நோயாளி, கைக்குழந்தையோடு ஒரு சீனப்பெண், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சிகிச்சை நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் திரைக்குள்ளிருந்து கம்பீரமான குறட்டை கிளம்பியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூச்சுப் பயிற்சி," என்றேன்.